ஏ.எஃப்.எல். வீரரை ரிசர்வ்ஸ் ஃபைனல்ஸில் இறக்கலாமா? தகுதிக் கணக்குப் பார்க்கும் முறை

ஆகஸ்ட் கடைசியில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் உச்ச லீக்கான ஏ.எஃப்.எல்.லில் ஒரு கிளப்பின் அணி லீக் சுற்றோடு நின்றுவிட்டது. அதே கிளப்பின் ரிசர்வ்ஸ் அணியோ (இரண்டாம் அணி) அடுத்த படி லீக்கான வி.எஃப்.எல்.லின் ஃபைனல்ஸுக்குள் (லீக் சுற்றுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) நுழைந்திருக்கிறது. போன வாரம்வரை பெரிய மைதானத்தில் ஆடிய மிட்ஃபீல்டர் இந்த வாரம் வேலையில்லாமல் இருக்கிறார். அவரை இறக்கினால் கோப்பை கைக்கு வந்துவிடாதா?

பெரும்பாலும் இறக்க முடியாது. அவர் அந்த ஆண்டில் ரிசர்வ்ஸ் அணிக்குப் போதுமான ஆட்டங்கள் ஆடியிருந்தால் மட்டுமே முடியும். அந்தத் தகுதியை செப்டம்பரில் தேடினால் கிடைக்காது. ஏப்ரல் முதல் ஆட்டம் ஆட்டமாகச் சேர்ந்திருக்க வேண்டும். டீம் மேனேஜராக இருப்பவர்களும், வியாழக்கிழமை இரவு அணிப் பட்டியல் வந்ததும் "இவன் ஏன் இல்லை?" என்று கேட்கும் ரசிகர்களும் அந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டிய முறை கீழே.

குறைந்தபட்ச எண் லீக்குக்கு லீக் வேறு, ஆண்டுக்கு ஆண்டும் திருத்தப்படும். ஆகவே எந்த எண்ணையும் மனப்பாடம் செய்யாதீர்கள். அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை முதலில் கையில் எடுங்கள். போன ஆண்டின் விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இந்த ஆண்டு அணியைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் முதல் கோளாறு.

எந்தக் கிளப் எந்த வகை

ஏ.எஃப்.எல்.லுக்கு அடுத்த படியில் மூன்று லீக்குகள். கிழக்குக் கரை முழுவதற்கும் வி.எஃப்.எல். (நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து அணிகள் 2021 முதல் இதற்குள் வந்துவிட்டன), தெற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்.ஏ.என்.எஃப்.எல்., மேற்கில் டபிள்யூ.ஏ.எஃப்.எல். இவற்றில் ஆடும் கிளப்புகள் மூன்று வகை.

முதல் வகை, ஏ.எஃப்.எல். கிளப்பின் சொந்த ரிசர்வ்ஸ் அணி. ஜீலாங், காலிங்வுட், ரிச்மண்ட், பிரிஸ்பேன், கோல்டு கோஸ்ட், சிட்னி போன்றவை இப்படி. வெஸ்டர்ன் புல்டாக்ஸின் ரிசர்வ்ஸ் ஃபுட்ஸ்க்ரே என்ற பழைய பெயரிலேயே ஆடுகிறது. அடிலெய்டில் க்ரோஸ் அணி 2014 முதலும், பெர்த்தில் வெஸ்ட் கோஸ்ட் 2019 முதலும் சொந்த அணி வைத்திருக்கின்றன. இரண்டாம் வகை, கூட்டு வைத்துக்கொண்ட கிளப். ஹாதார்னின் வீரர்கள் பாக்ஸ் ஹில் ஹாக்ஸுக்கும், மெல்பர்னின் வீரர்கள் கேஸி டீமன்ஸுக்கும், ஃப்ரீமாண்டிலின் வீரர்கள் 2014 முதல் பீல் தண்டருக்கும் போகிறார்கள். மூன்றாம் வகை, யாரோடும் சேராத தனிக் கிளப்: வெரிபீ, வில்லியம்ஸ்டவுன், போர்ட் மெல்பர்ன், சவுத்போர்ட் போன்றவை. தகுதி விதி உயிரோடு இருப்பதே பெரும்பாலும் இந்த மூன்றாம் வகைக்காகத்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏ.எஃப்.எல். கிளப்பின் ஒப்பந்தப் பட்டியலில் ரூக்கிகளையும் (துணைப் பட்டியல் வீரர்கள்) சேர்த்து 40க்கு மேல் வீரர்கள். வாரத்துக்கு 23 பேர் மேலே ஆடுகிறார்கள். மீதியில் காயம்பட்டவர்களைக் கழித்தால் பத்துப் பன்னிரண்டு பேர், நல்ல வாரமென்றால் பதினைந்து பேர், கீழே இறங்குவார்கள். அணியில் எஞ்சும் இடங்களைப் பகலில் வேலை பார்த்து மாலையில் பயிற்சிக்கு வரும் வி.எஃப்.எல். வீரர்கள் நிரப்புகிறார்கள். தகுதி விதி இல்லையென்றால் செப்டம்பரில் மேலிருந்து ஒரேயடியாக இருபது பேர் இறங்கிவிடலாம். எதிரில் நிற்கும் தனிக் கிளப்புக்கு அது அநியாயம் என்பது எல்லோருக்கும் தெரிந்த வாதம். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, 18 வாரம் அணியைத் தூக்கிச் சுமந்துவிட்டு ஃபைனல் அன்று வெளியே உட்கார வேண்டியிருக்கும் அதே கிளப்பின் பகுதிநேர வீரரின் கதி. இரண்டாவது வாதம்தான் வலுவானது என்று சொல்வேன். எதிரணிக்காவது புகார் கொடுக்க வழி உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

விதி இருந்தும் சர்ச்சை அடங்கிவிடவில்லை. 2016ல் ஃப்ரீமாண்டில் ஏ.எஃப்.எல்.லில் 16வது இடத்தில் முடிந்தது. அந்த செப்டம்பரில் மேலே ஆட்டமே இல்லாததால், பீல் தண்டருக்குத் தகுதி பெற்றிருந்த ஃப்ரீமாண்டில் வீரர்கள் எல்லோரும் கிடைத்தார்கள். பீல் தன் முதல் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது. இரண்டு முறையும் கிராண்ட் ஃபைனல் என்னும் கோப்பை ஆட்டத்தில் தோற்றது சுபியாக்கோ. விதி மீறப்படவில்லை. ஆனாலும் மேலே தோற்ற கிளப் கீழே பலம் பெறுவது சரியா என்ற கேள்வி பெர்த்தில் நெடுநாள் ஓடியது.

விதி எழுதப்படும் மூன்று விதம்

விதிப்புத்தகத்தில் தகுதிப் பிரிவைத் திறந்ததும் அது எந்த வாய்பாட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெரிய லீக்கானாலும் ஊர் லீக்கானாலும் மூன்றில் ஒன்றாகவோ, அவற்றின் கலப்பாகவோதான் இருக்கும்.

ஒன்று, குறைந்தபட்ச எண்: லீக் சுற்றில் இந்த அணிக்கு இத்தனை ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். இரண்டு, ஒப்பீடு: மேலே ஆடியதைவிடக் கீழே அதிகம் ஆடியிருக்க வேண்டும், அல்லது மேலே இத்தனைக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. மூன்று, சமீபத்திய ஆட்டம்: மேல் அணியின் கடைசி ஆட்டத்தில் ஆடியவர் இந்த வாரம் கீழே ஆடக் கூடாது.

மூன்றும் ஒரே வீரருக்கு மூன்று பதில் தரும். ஓர் உதாரணம். குறைந்தபட்சம் 5 என்று வைத்துக்கொள்வோம் (இது கணக்குக்காக எடுத்த எண்தான்). ஒரு கிளப்பில் மூன்று வீரர்கள்:

வீரர் அ: ஏ.எஃப்.எல். 16, ரிசர்வ்ஸ் 4.
வீரர் ஆ: ஏ.எஃப்.எல். 9, ரிசர்வ்ஸ் 7.
வீரர் இ: ஏ.எஃப்.எல். 2, ரிசர்வ்ஸ் 12. அந்த இரண்டில் ஒன்று லீக் சுற்றின் கடைசி ஆட்டம்.

முதல் வாய்பாட்டில் ஆவும் இயும் ஆடலாம். இரண்டாவதில் இ மட்டுமே ஆடலாம். மூன்றாவதில், மேலணிக்கு அதன்பின் ஆட்டம் எதுவும் நடக்காத அந்த முதல் வாரத்தில், இவராலும் ஆட முடியாது. சீசன் முழுக்க ரிசர்வ்ஸுக்கே உழைத்த ஆள், கடைசி வாரம் மேலே ஒருவருக்குக் காயம் என்று கூப்பிட்டதால் ஃபைனலின் முதல் வாரத்தை இழக்கிறார். கொஞ்சம் முரட்டு விதிதான். ஆனால் இந்த ஓட்டையை அடைக்காவிட்டால் மற்ற இரண்டு வாய்பாடுகளும் இருந்தும் பயனில்லை.

ஒப்பீட்டு வாய்பாட்டில் இன்னொன்றைக் கவனியுங்கள். ஏ.எஃப்.எல். லீக் சுற்றில் ஓர் அணிக்கு 23 ஆட்டம். கீழ் லீக்குகளில் 18 அளவில்தான். மேலேயும் கீழேயும் பாதிப் பாதி ஆடியதாகத் தோன்றும் வீரரின் கணக்கு பெரும்பாலும் மேல் பக்கமே சாய்ந்திருக்கும். தோராயமாக மனக்கணக்குப் போட்டு "போதும்" என்று விட்டுவிடாதீர்கள்.

தாள் போடுவது

முதல் சுற்றிலிருந்தே ஒரு தாள் போடுங்கள். கணினியில் விரிதாள் என்றால் நல்லது; நோட்டுப் புத்தகமும் போதும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரே ஒரு குறி மட்டும் இருக்க வேண்டும்:

ஏ: ஏ.எஃப்.எல். ஆட்டத்தில் ஆடினார்.
ரி: ரிசர்வ்ஸில் ஆடினார்.
எ: எமர்ஜென்சியாக (அறிவித்த அணியில் யாராவது கடைசி நேரத்தில் விலகினால் இறங்கக் காத்திருப்பவர்) இருந்தார், எங்கும் ஆடவில்லை.
கா: காயம்.
த: தடை.
ஓ: அணிக்கு ஓய்வு வாரம்.

ஒருவரின் முதல் 12 வாரம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

ரி, ரி, எ, ஏ, ஏ, கா, கா, கா, ரி, ரி, ஓ, ரி

ரிசர்வ்ஸ் 5, ஏ.எஃப்.எல். 2. மூன்றாவது வாரத்தில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். அவர் அன்று ஏ.எஃப்.எல். அணிக்கு எமர்ஜென்சி. ஆட்ட நாள் காலை வரை மேலணியோடு இருந்தார், யாரும் விலகவில்லை, அதற்குள் ரிசர்வ்ஸ் ஆட்டம் தொடங்கிவிட்டது. எங்கேயும் ஆடவில்லை. "அவர் ரிசர்வ்ஸ் ஆள்தானே" என்று அந்த வாரத்தைக் கீழ்க் கணக்கில் சேர்த்து 6 என்று எழுதுபவர்கள் உண்டு. விதிப்புத்தகத்தில் எமர்ஜென்சிக்குத் தனிச் சலுகை எழுதியிருந்தால் ஒழிய அது ஆட்டம் அல்ல. சலுகை இருந்தால் அதைத் தனி நிறத்தில் குறித்துவையுங்கள். ஆடிய கணக்கோடு கலந்துவிட வேண்டாம், பின்னால் பிரிக்க முடியாது.

பத்தாவது வாரத்திலும் அவர் எமர்ஜென்சியாகத்தான் தொடங்கினார். ஆனால் மேலணி ஆட்டம் சனி மதியம், ரிசர்வ்ஸ் ஆட்டம் ஞாயிறு. சனிக்கிழமை பந்து எறியப்பட்டதும் அவரை விட்டுவிட்டார்கள், ஞாயிறு ஆடினார். அது முழு ரிசர்வ்ஸ் ஆட்டம். அங்கே "எ" என்று எழுதியிருந்தால் அவருக்கு ஓர் ஆட்டம் குறைந்திருக்கும். அதனால் அணி அறிவிப்பைப் பார்த்து வியாழக்கிழமையே கட்டத்தை நிரப்பாதீர்கள். ஆட்டம் முடிந்து அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் வந்தபின் நிரப்புங்கள்.

எண்ணும்போது தடுக்கும் வேறு சில இடங்கள்:

சப். 2011 முதல் 2015 வரையும், பிறகு 2021 முதல் 2025 வரையும் ஏ.எஃப்.எல்.லில் மாற்று வீரர் முறை இருந்தது. 2021ல் காயத்துக்காக மட்டும், 2023ல் எந்தக் காரணத்துக்கும். கடைசிவரை மேலாடையைக் கழற்றாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த சப் "ஆடியவரா" என்பதை விதி சொல்ல வேண்டும். பழைய ஆண்டுகளின் கணக்கை எடுத்து வாதம் செய்பவர்கள் அந்தந்த ஆண்டின் வரியைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

மாநில அணி ஆட்டம், பயிற்சி ஆட்டம், சீசனுக்கு முந்தைய ஆட்டம். பொதுவாக லீக் சுற்று ஆட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும். பிப்ரவரி, மார்ச்சில் ஆடியதை எண்ணாதீர்கள்.

சீசன் நடுவில் வந்தவர். மிட்-சீசன் ரூக்கி டிராஃப்ட் (சீசன் நடுவில் கிளப்புகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் ஏற்பாடு) 2019ல் மீண்டும் தொடங்கியது முதல், ஜூன் வாக்கில் ஒரு வீரர் வேறு மாநில லீக்கிலிருந்து வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. அவர் பழைய கிளப்புக்கு ஆடிய பத்து ஆட்டங்கள் புதிய அணிக்கான கணக்கில் தானாக வராது. வரும் என்று விதியில் எழுதியிருந்தால்தான் வரும்.

ஓய்வு அறிவித்தவர். சீசன் முடிவில் விடைபெறுவதாகச் சொன்ன மூத்த வீரர், பட்டியலிலிருந்து முறைப்படி நீக்கப்படும்வரை பட்டியல் வீரர்தான். அறிவிப்பால் தகுதி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

ஆறு சுற்று மீதி இருக்கும்போது தாளை எடுத்து எல்லா வரிகளையும் கூட்டுங்கள். இன்னும் ஒன்றிரண்டு ஆட்டம் தேவைப்படுபவர்கள் யார் என்று தனியாக எழுதி ஏ.எஃப்.எல். பயிற்சியாளர் குழுவுக்கு அனுப்புங்கள். மேலே யாரை ஆட வைப்பது என்பதில் ரிசர்வ்ஸ் பயிற்சியாளருக்குக் குரல் இல்லை. ஆனால் நீண்ட காயத்திலிருந்து திரும்பும் வீரரை நேராக மேலே இறக்குவதா, இரண்டு வாரம் கீழே ஆடவிட்டு ஏற்றுவதா என்ற முடிவு வரும்போது இந்தத் தாள் உதவும். இரண்டு வாரம் கீழே ஆடினால் உடலும் தேறும், கணக்கும் நிறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதை ஆகஸ்ட் கடைசியில் நினைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஜூலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஓய்வு வாரம் என்னும் குழி

கணக்குச் சரியாக இருந்தும் தவறு நடப்பது இங்கேதான்.

2015 லீக் சுற்றின் கடைசி வாரத்தில் ஃப்ரீமாண்டிலும் நார்த் மெல்பர்னும் முக்கிய வீரர்கள் பலருக்கு ஓய்வு கொடுத்து அணியை இறக்கின. அது மீண்டும் நடக்காமலிருக்க ஏ.எஃப்.எல். 2016 முதல் லீக் சுற்றுக்கும் ஃபைனல்ஸுக்கும் நடுவே ஒரு வாரம் ஓய்வு விட்டது (2021ல் மட்டும் அந்த ஓய்வு கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய வாரத்துக்கு நகர்ந்தது). அந்த வாரம் மேலே ஆட்டம் இல்லை. கீழே ஃபைனல்ஸ் நடக்கிறது. தடுக்க விதி இல்லையென்றால், தகுதி எண்ணைத் தொட்டிருக்கும் மேலணி வீரர்கள் எல்லோரும் அந்த ஒரு வாரம் கீழே வந்து ஆடிவிட்டு மறுவாரம் மேலே போய்விடலாம். மேலே சொன்ன மூன்றாவது வாய்பாடு அடைப்பது இந்தக் கதவைத்தான்.

ஓய்வு வாரத்தில் ஒவ்வொரு பட்டியல் வீரரையும் இந்த வரிசையில் கேளுங்கள். மேலணியின் கடைசி லீக் ஆட்டத்தில் ஆடினாரா? ஆடியிருந்தால், அப்படிப்பட்டவருக்கு இந்த வாரம் தடை என்று விதியில் இருக்கிறதா? தடை இல்லையென்றாலோ, அவர் அந்த ஆட்டத்தில் ஆடவில்லையென்றாலோ மட்டும் அடுத்த கேள்வி: தகுதி எண் இருக்கிறதா? வரிசையை மாற்றினால் குழப்பம். தகுதி எண்ணை முதலில் பார்த்து "12 ஆட்டம் இருக்கிறது, தாராளம்" என்று டிக் போட்டுவிட்டு, கடைசி ஆட்டத்தைப் பார்க்க மறப்பவர்கள்தான் அதிகம்.

2026 முதல் இதில் இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. ஏ.எஃப்.எல். ஃபைனல்ஸ் 10 அணிகளுக்கு விரிந்து, வைல்டு கார்டு சுற்று வந்திருக்கிறது: 7வது அணி 10வதோடும், 8வது 9வதோடும் மோத வேண்டும். முதல் ஆறு அணிகளுக்கு அந்த வார இறுதி ஓய்வு. ஆக ஒரே வாரத்தில் ஏ.எஃப்.எல். கிளப்புகள் மூன்று நிலையில் இருக்கும்: ஆட்டம் உள்ளவை, ஓய்வில் உள்ளவை, சீசன் முடிந்தவை. உங்கள் கிளப் எந்த நிலை என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். போன வாரத் தாளை நகலெடுத்து இந்த வாரத்துக்குப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

மேலணி இன்னும் ஃபைனல்ஸில் இருக்கும்போது

இது உண்மையில் எளிது. மேலே இந்த வார இறுதியில் ஆடியவர் கீழே ஆட முடியாது. தேர்வாகாதவர், தகுதி எண் இருந்தால் கீழே ஆடலாம். எமர்ஜென்சியாக மேலணியோடு வேறு மாநிலத்துக்குப் பயணம் போனவர் பயண நேரத்தால் கீழே கிடைக்காமல் போகலாம். அது விதிச் சிக்கல் அல்ல, விமானச் சிக்கல். பெர்த்தில் வெள்ளி இரவு ஆட்டம், மெல்பர்னில் சனி மதியம் ரிசர்வ்ஸ் என்றால் அவரைக் கணக்கில் வைக்காதீர்கள்.

மேலணி தோற்று வெளியேறிய அதே வார இறுதியில்தான் சபலம் தட்டும். வெள்ளி இரவு தோற்றாயிற்று, ஞாயிறு கீழே ஃபைனல், ஆட்கள் சும்மா இருக்கிறார்கள். அந்த வாரம் அவர்கள் ஆடியாகிவிட்டது. அடுத்த வாரம்தான் கேள்வியே எழும். அப்போதும் தகுதி எண் இருப்பவர்களுக்கு மட்டும்.

இரண்டு நிலையும் ஒரே ஆட்டத்தில் எதிரெதிரே நின்றது 2016 வி.எஃப்.எல். கிராண்ட் ஃபைனலில். ஒரு பக்கம் ஃபுட்ஸ்க்ரே. அதன் மேலணியான வெஸ்டர்ன் புல்டாக்ஸ் முந்தின நாள்தான் சிட்னியில் ஜி.டபிள்யூ.எஸ். அணியை வென்று ஏ.எஃப்.எல். கிராண்ட் ஃபைனலுக்குப் போயிருந்தது. அன்று சிட்னியில் ஆடியவர்கள் யாரும் ஃபுட்ஸ்க்ரேவுக்கு இல்லை. மறுபக்கம் கேஸி. அதன் மேலணியான மெல்பர்ன் 11வது இடத்தில் முடிந்து வாரக்கணக்கில் ஓய்வில் இருந்தது. தகுதி பெற்ற மெல்பர்ன் வீரர்கள் எல்லோரையும் கேஸி கேட்கலாம். காகிதத்தில் கேஸிக்கு வசதி. கோப்பையை வென்றது ஃபுட்ஸ்க்ரே. தகுதி பெற்ற பெயர்களின் நீளத்தை வைத்துப் பந்தயம் கட்டுபவர்கள் இந்த ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கீழிருந்து மேலே போவதற்கு இந்த எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஏ.எஃப்.எல். பட்டியலில் இருந்தால் போதும். 2019ல் ரிச்மண்டின் மார்லியன் பிக்கெட் செப்டம்பர் 22 ஞாயிறு வி.எஃப்.எல். கிராண்ட் ஃபைனலில் வில்லியம்ஸ்டவுனுக்கு எதிராக ஆடி ஆட்ட நாயகன் பதக்கம் வாங்கினார். ஆறு நாள் கழித்து மெல்பர்னின் எம்.சி.ஜி. மைதானத்தில் ஏ.எஃப்.எல். கிராண்ட் ஃபைனல், ஜாக் கிரஹாமின் தோள்பட்டைக் காயத்தால் இடம் காலியாக, பிக்கெட்டின் முதல் ஏ.எஃப்.எல். ஆட்டம் அதுவே ஆனது. மிட்-சீசன் டிராஃப்டில் சவுத் ஃப்ரீமாண்டிலிலிருந்து வந்தவர் அவர். கிராண்ட் ஃபைனலிலேயே அறிமுகமானவர் 1952க்குப் பிறகு அவர்தான். கீழே இறங்குவதற்குக் கணக்கு, மேலே ஏறுவதற்குப் பட்டியல்: இவ்வளவுதான் வித்தியாசம்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஆட முடியாதவர்கள்

தகுதி எண்ணைத் தாண்டியபின் இன்னும் மூன்று சல்லடை உண்டு.

தடை. மேலே நடுவர் மன்றம் விதித்த தடை கீழேயும் செல்லும். கீழே விதித்தது மேலேயும் செல்லும். எந்த அணியின் ஆட்டங்களை வைத்துத் தடை கழிகிறது என்பதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலணியின் சீசன் முடிந்துவிட்டது என்பதால், மீதித் தடையைக் கீழணியின் ஃபைனல்ஸில் கழித்துவிடலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். லீக்கிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மூளை அதிர்ச்சி. ஏ.எஃப்.எல். மட்டத்தில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி உறுதியானவர் குறைந்தது 12 நாள் கழித்தே திரும்ப முடியும். ஊர் அளவிலான சமூகக் கால்பந்தில் 2024 முதல் குறைந்தது 21 நாள். சனிக்கிழமை அடிபட்டவர் அடுத்த சனிக்கிழமை இல்லை என்பது எந்த மட்டத்திலும் நிச்சயம். ஃபைனல்ஸ் என்பதற்காக மருத்துவரிடம் பேரம் பேசுபவரை அறைக்கு வெளியே நிறுத்துங்கள்.

பதிவு. வீரர் ஏ.எஃப்.எல். பட்டியலில் இருந்தாலும் கீழ் லீக்கில் அந்த அணியின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். கூட்டுக் கிளப்புகளில் இதைக் குறிப்பாகப் பாருங்கள். சீசனில் ஒருமுறையும் கீழே ஆடாத மூத்த வீரர் என்றால் எண்ணிக்கையிலேயே அடிபட்டுவிடுவார், பதிவைத் தேட வேண்டிய வேலையே இல்லை.

விலக்குக் கேட்பது

நீண்ட காயத்தால் எண் நிறையாதவருக்கு விலக்குத் தர வழி பல லீக்குகளில் உண்டு. கேட்கும் முறை சீராக இருந்தால்தான் கிடைக்கும். கடிதத்தில் காயத்தின் தேதி, தவறிய சுற்றுகளின் எண்கள், திரும்பிய தேதி, திரும்பியபின் எந்த அணிக்கு எத்தனை ஆட்டம் என்று எழுதுங்கள். மருத்துவச் சான்றை இணையுங்கள். "எங்கள் அணிக்கு இவர் மிக முக்கியம்" என்ற வாக்கியத்தை எழுதாதீர்கள். அது எதிர்வாதத்துக்குத்தான் உதவும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். வாய்மொழியாகக் கிடைத்த சம்மதத்தை நம்பி அணி அறிவிக்க வேண்டாம்.

ஃபார்ம் இழந்து மேலிருந்து இறக்கப்பட்டவருக்கும், கடைசி வாரம் தற்செயலாக மேலே போனவருக்கும் விலக்குக் கேட்டுப் பார்க்கலாம். கிடைப்பது அரிது. விதி குறிவைப்பதே அவர்களை.

ஊர் லீக்கில் இதே கணக்கு

சனிக்கிழமை காலை ரிசர்வ்ஸ், மதியம் சீனியர்ஸ் என்று ஆடும் ஊர் கிளப்புகளில் இதே விதி சிறிய உருவில் இருக்கிறது: சீனியர்ஸ் ஆட்களை ரிசர்வ்ஸ் ஃபைனலில் இறக்கக் கூடாது. இங்கே கணக்கு இன்னும் கவனமாக வேண்டும், ஏனென்றால் ஒரே நாளில் இரண்டு ஆட்டமும் ஆடுபவர்கள் உண்டு. காலையில் ரிசர்வ்ஸில் மூன்று குவார்ட்டர் ஆடிவிட்டு மதியம் சீனியர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து கடைசிப் பத்து நிமிடம் இறங்கிய 19 வயதுப் பையன் அன்று எந்தக் கணக்கில்? சில லீக்குகள் இரண்டிலும் எண்ணும், சில மேலே ஆடியதை மட்டும் எண்ணும். சீசன் முழுக்க உதவிக்கு ஓடிய பையன் இதனாலேயே செப்டம்பரில் இரண்டு அணிக்கும் இல்லாமல் போவதுண்டு. அவனைப் பெஞ்சுக்குக் கூப்பிடும் முன்னால் தாளைப் பாருங்கள்.

ஆட்டப் பதிவுகள் இப்போது பிளேஹெச்க்யூ தளத்தில் இருக்கின்றன. எதிரணியின் கணக்கையும் அதிலேயே எண்ணிப் பார்க்கலாம். அவர்களும் உங்கள் கணக்கை எண்ணுவார்கள். களத்தில் இறங்காதவரின் பெயரை எண்ணிக்கைக்காக அணிப் பட்டியலில் சேர்ப்பது பழைய தந்திரம். நடுவர்கள், எதிரணி மேனேஜர், பார்வையாளர் எடுத்த வீடியோ என்று எங்காவது மாட்டும். மாட்டினால் ஒரு வீரரோடு போகாது, அணியின் புள்ளிகளும் போகும். வேறு கிளப்பிலிருந்து மாறி வருபவர்களுக்கு ஜூன் 30 கடைசி நாள். ஜூலையில் "ஒரு நல்ல ஃபுல் ஃபார்வர்டு கிடைத்திருக்கிறார்" என்று யாராவது வந்தால், அவர் அடுத்த ஆண்டுக்குத்தான்.

புகார் வந்தால்

தகுதியற்றவர் ஆடினார் என்று எதிரணி புகார் செய்தால், அந்த ஆட்டத்தை இழப்பது முதல் அபராதம் வரை எதுவும் நடக்கலாம். முடிவு லீக்கின் கையில். ஃபைனல்ஸில் முடிவை மாற்றுவதற்கு லீக்குகள் தயங்கும் என்பதும் உண்மை. 2018 எஸ்.ஏ.என்.எஃப்.எல். பிரிலிமினரி ஃபைனலில் (கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டம்) நார்த் அடிலெய்ட் கடைசி குவார்ட்டர் தொடக்கத்தில் 18 பேருக்குப் பதில் 19 பேரைக் களத்தில் வைத்திருந்தது. உட்வில்-வெஸ்ட் டாரன்ஸை 5 புள்ளியில் வென்றது. பெரிய சச்சரவு. வெற்றி பறிக்கப்படவில்லை, தண்டனையாக அபராதமும் அடுத்த சீசனில் புள்ளிக் கழிப்பும் வந்தன. நார்த் அடிலெய்ட் அந்த ஆண்டின் கோப்பையையும் வென்றது. அது ஆள் எண்ணிக்கைத் தவறு, தகுதித் தவறு அல்ல. அதை நம்பி "நமக்கும் அபராதத்தோடு போகும்" என்று கணக்குப் போடாதீர்கள். தகுதி விதிகளில் தண்டனை பெரும்பாலும் விதியிலேயே எழுதியிருக்கும், பேரத்துக்கு இடமிருக்காது.

புகாருக்குக் கால வரம்பு குறுகியது, மணிக்கணக்கில் இருக்கும். ஆட்டம் முடிந்த அன்று இரவே கையில் இருக்க வேண்டியவை: கையெழுத்திட்ட அணிப் பட்டியலின் நகல், சுற்றுவாரியான தாள், அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்தின் அச்சுப்படி, லீக்கிடமிருந்து வந்த மின்னஞ்சல்கள். வெள்ளிக்கிழமை மாலையே இரண்டாவது ஆள் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, விடையைச் சொல்லாமல் முதலிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். இருவரின் எண்ணும் ஒத்துப்போகாத பெயர் எதுவோ, அவரைப் பற்றி லீக் அலுவலகம் மூடுவதற்குள் கேட்டுவிடுங்கள்.